பதிலிக்குறிப் பொருத்தம்

பதிலிக்குறிப் பொருத்தம் என்பது, ஓர் எழுத்துச் சரம் கொடுக்கப்பட்ட தோரணி ஒன்றுடன் முழுமையாகப் பொருந்துகிறதா என்பதைக் கணினி நிரல் மூலம் கண்டறியும் முறையாகும். தோரணியில் உள்ள சில குறிகள் தம்மைக் குறிக்காமல் பிற எழுத்துகளுக்குப் பதிலாக நிற்கின்றன. சீட்டாட்டத்தில் எந்தச் சீட்டின் இடத்தையும் நிரப்பும் ஜோக்கரைப் போன்ற இக்குறிகளே பதிலிக்குறிகள் எனப்படுகின்றன. கோப்புகளைத் தேடுதல், தரவுத்தளங்களில் பெயர்களைத் தேடுதல், அகராதிகளில் சொற்களைத் தேடுதல் முதலியவற்றில் இம்முறை பயன்படுகிறது.

குறிகள்

பரவலாகப் பயன்படும் பதிலிக்குறிகள் இரண்டு.

* உடுக்குறி (*): எத்தனை எழுத்துகளுக்கும் பதிலாக நிற்கும். எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தையும் ஏற்கும்.
* கேள்விக்குறி (?): சரியாக ஓர் எழுத்துக்குப் பதிலாக நிற்கும்.

எஸ்.கியூ.எல் மொழியின் "லைக்" கட்டளையில் இவற்றுக்கு மாறாக விழுக்காட்டுக் குறியும் (%) அடிக்கோடும் (_) முறையே பயன்படுகின்றன. சுருங்குறித்தொடர்களிலும் * உண்டு. ஆனால் அங்கு அது தனக்கு முன்னுள்ள உறுப்பு மீண்டும் மீண்டும் வருவதைக் குறிக்கும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது தொடக்கநிலை நிரலாளர்கள் செய்யும் பொதுவான பிழையாகும்.

வரலாறு

பெல் ஆய்வகத்தில் உருவான யுனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்கப் பதிப்புகளில், கோப்புப் பெயர்களிலுள்ள பதிலிக்குறிகளை விரித்துத் தருவதற்கு "குளோப்" என்னும் தனி நிரல் இருந்தது. 1971 ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே இது இடம்பெற்றது. 1979 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் இப்பணி கட்டளைச் செயலிக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. இன்றும் இவ்வகைத் தோரணிகள் "குளோப்" எனவே அழைக்கப்படுகின்றன.

செயல்படும் முறை

தோரணியிலும் சரத்திலும் ஒவ்வொரு சுட்டியை வைத்துக்கொண்டு இடமிருந்து வலமாகச் செல்லும் எளிய படிமுறை பின்வருமாறு.

1. தோரணியில் * வந்தால், அதன் இடத்தையும் சரத்தில் அப்போதுள்ள இடத்தையும் குறித்துக்கொண்டு, தோரணிச் சுட்டியை மட்டும் நகர்த்துக.
2. தோரணியில் ? வந்தாலோ, இரு பக்கமும் ஒரே எழுத்து இருந்தாலோ, இரு சுட்டிகளையும் நகர்த்துக.
3. இவ்விரண்டும் இல்லையெனில், கடைசியாகக் குறித்த * இருந்தால் அதற்குத் திரும்புக. அந்த * மேலும் ஓர் எழுத்தை விழுங்கியதாகக் கொண்டு, அடுத்த எழுத்திலிருந்து மீண்டும் தொடங்குக.
4. திரும்புவதற்கு * இல்லையெனில் பொருத்தம் இல்லை.
5. சரம் முடிந்ததும், தோரணியில் எஞ்சியவை * குறிகள் மட்டுமே எனில் பொருத்தம் உண்டு.

"திருத்தணி" என்னும் சரத்தை "*தணி" என்னும் தோரணியுடன் ஒப்பிடுவதாகக் கொள்வோம். ஒருங்குறியில் இச்சரம் த, ி, ர, ு, த, ், த, ண, ி என ஒன்பது குறிகளாக அமைந்துள்ளது. முதலில் வரும் "த" பொருந்துகிறது. ஆனால் அடுத்து "ண" வரவேண்டிய இடத்தில் இகரக் குறி நிற்கிறது. எனவே நிரல் *-க்குத் திரும்புகிறது. ஐந்தாம் இடத்திலுள்ள "த" பொருந்தினாலும் அடுத்து வருவது புள்ளி என்பதால் மீண்டும் திரும்ப நேரிடுகிறது. ஏழாம் இடத்து "த"-வில் தொடங்கும்போதுதான் இறுதிவரை பொருந்துகிறது.

பல * இருந்தாலும் கடைசி *-ஐ மட்டும் நினைவில் வைத்தால் போதும். முந்தைய பகுதிகள் இயன்றவரை இடப்புறத்திலேயே பொருந்திவிட்டதால், எஞ்சிய பகுதிகளுக்கு மிக நீளமான சரம் மிஞ்சியிருக்கும். முந்தைய *-ஐ மேலும் நீட்டினால் அந்த மிச்சம் குறையுமேயன்றிக் கூடாது. இதனால் இப்படிமுறைக்கு ஆகும் நேரம், மிக மோசமான நிலையிலும், தோரணி நீளம், சரத்தின் நீளம் ஆகியவற்றின் பெருக்கற்பலன் அளவிலேயே நிற்கும். ஒவ்வொரு *-க்கும் எல்லா வாய்ப்புகளையும் தற்சுழற்சியாக முயலும் நிரலோ, * மிகுந்த தோரணிகளில் அடுக்குவீதத்தில் காலம் எடுக்கக்கூடும்.

தமிழில் "ஓர் எழுத்து" என்பது எது?

ஆங்கிலத்தில் ? எதைக் குறிக்கும் என்பதில் குழப்பம் இல்லை. தமிழில் உண்டு. "திருத்தணி" என்னும் சொல்லின் நீளம் எண்ணும் முறைக்கேற்ப மாறுகிறது.

* தமிழ் இலக்கணப்படி: 5 எழுத்துகள் (தி, ரு, த், த, ணி)
* ஒருங்குறிக் குறிகள்: 9
* யூ.டி.எஃப்-8 குறிமுறையில் பைட்டுகள்: 27

"திருத்த?" என்னும் தோரணியைத் தமிழ் எழுத்துகளாக எண்ணினால் திருத்தணி, திருத்தம் ஆகிய இரண்டும் பொருந்தும். பைத்தான் 3 போன்ற மொழிகள் ஒருங்குறிக் குறிகளையே எண்ணுவதால் அங்கு இரண்டும் பொருந்தா. "திருத்த??" என எழுதினால்தான் பொருந்தும். பைட்டுகளை எண்ணும் நிரலில் ஆறு கேள்விக்குறிகள் தேவை. அகரமேறிய மெய்க்கு ஒரு குறியும் பிற உயிர்மெய்களுக்கும் மெய்களுக்கும் இரு குறிகளும் ஆகின்றமையால், எத்தனை ? இடவேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்ல இயலாது.

ஒரே எழுத்து இரு வகையாகப் பதிவாவதும் உண்டு. "அரக்கோணம்" என்பதிலுள்ள "கோ", ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும், ஏகாரக் குறி, கால் என இரண்டைச் சேர்த்தும் எழுதப்படலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் குறிகளை மட்டும் ஒப்பிடும் நிரல் ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளிவிடும். ஆகவே ஒப்பிடுவதற்கு முன் தோரணி, சரம் இரண்டையும் ஒருங்குறி வரையறுத்த இயல்பு வடிவத்திற்கு மாற்றுதல் இன்றியமையாதது. பழைய திஸ்கி குறிமுறையில் ஏகாரக் கொம்பு மெய்க்கு முன்னரே சேமிக்கப்பட்டதால், அக்கோப்புகளில் "க*" என்று தேடினால் "கோ"-வில் தொடங்கும் சொற்கள் கிடைக்கா. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ் 16 குறிமுறையில் ? என்பது ஓர் எழுத்தையே குறிக்கும். இக்குறிமுறையை ஒருங்குறியுடன் சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010 இல் தரமாக ஏற்றது.

பெயர்த் தேடலும் திருத்தணியும்

முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான திருத்தணி, தணிகை, திருத்தணிகை எனவும் வழங்கப்படுகிறது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், எல்லை மாற்றத்தின்போது 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. தமிழும் தெலுங்கும் வழங்கும் இத்தகைய எல்லைப் பகுதிகளில் ஒரே பெயர் பல வடிவங்களில் எழுதப்படுவது இயல்பு. இவ்வூர் இறைவனின் பெயரையே சுப்பிரமணியன், சுப்ரமணியம், சுப்ரமண்யம் என மூவகையாகக் காணலாம்.

"சுப்*மணிய*" என்னும் தோரணி முதல் இரண்டை மட்டுமே கண்டறியும். "சுப்*மண*" என்று தேடினால், குறிகளை ஒப்பிடும் நிரலில் மூன்றும் கிடைக்கும். "ணி", "ண்" இரண்டும் "ண" என்னும் குறியிலேயே தொடங்குவது இதற்குக் காரணம். தமிழ் எழுத்துகளாக ஒப்பிடும் நிரலிலோ ஒன்றுமே கிடைக்காது. ஆகவே எழுத்துவழிப் பொருத்தமே எப்போதும் சிறந்தது எனக் கூறுவதற்கில்லை. ? குறிக்கு எழுத்துவழி எண்ணிக்கையும், சொல்லின் முற்பகுதியைத் தேடக் குறிவழி ஒப்பீடும் பொருந்தும்.

அளவுக்கு மீறிய தளர்வும் இடர் தரும். "தணி*" என்னும் தோரணி தணிகை, தணிகைவேல், தணிகாசலம் ஆகியவற்றுடன் "தணிக்கை" என்பதையும் அள்ளிவரும். வேண்டாதது வந்தால் பயனர் கண்ணால் விலக்கிவிடலாம். வேண்டியது வராமற் போனால் அது விடுபட்டதே அவருக்குத் தெரியாது. வாக்காளர் பட்டியலிலோ நிலப் பதிவேட்டிலோ பெயர் இருந்தும் "இல்லை" என்ற விடை கிடைப்பின், இழப்பு அப்பெயருக்கு உரியவருக்கே. எனவே தமிழ்ப் பெயர்களைத் தேடும் நிரலை எழுதுவோர் இயல்பு வடிவமாக்கல், ? எண்ணும் அலகு, மாற்று எழுத்து வடிவங்கள் ஆகிய மூன்றையும் தனித்தனியே சோதித்துப் பார்த்தல் வேண்டும்.