திரையில் ஏறும் ஒரு எண்

பாலாற்றங்கரையில் ஆம்பூரை ஒட்டிய தோல் வட்டாரத்தில், பதனிடும் டிரம்முக்குள் ஒரு எண்ணைக் கவனமாக ஏற்றுகிறார்கள். குரோம் முறையில் தோலை முதலில், அமிலத்தன்மையைக் காட்டும் எண்ணான பி.எச். 3-க்கு அருகிலுள்ள அமிலக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். குரோமியம் உப்பு உள்ளே ஊடுருவியதும் சோடியம் பைகார்பனேட்டைச் சிறுகச் சிறுகச் சேர்த்து 4-க்கு அருகே கொண்டுவருகிறார்கள். அவசரப்பட்டால் குரோமியம் தோலின் மேற்பரப்பிலேயே படிந்துவிடும்.

3-க்கும் 4-க்கும் வித்தியாசம் ஒன்றுதானே? இல்லை. ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. மாணவர் தடுமாறும் இடம் இதுதான்.

நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன், 2002-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, திரையில் செய்துபார்க்கும் பாடங்களுக்கான திட்டம் ‘ஃபெட்’. அதில் பி.எச். அளவுக்கென்றே ஒரு பாடம் உண்டு. திரையில் ஒரு முகவை, மேலே சொட்டுவிடும் குழாய், பக்கத்தில் தண்ணீர்க் குழாய். குழாயைத் திறந்தால் நீர்மட்டம் உயரும். எண்ணும் உடனே மாறும்.

இந்த அசைவுக்குப் பின்னால் இருப்பது ஜாவாஸ்கிரிப்ட். 1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த கணினி மொழி இது. விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, புதிய செறிவைக் கணக்கிட்டு, பெரும்பாலான திரைகளில் நொடிக்கு 60 முறை படத்தைப் புதிதாக வரைகிறது. அசைவூட்டப் பாடங்களுக்கு முன்பு பெரிதும் பயன்பட்ட ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 இறுதியில் நிறுத்தியது. ஜாவாஸ்கிரிப்ட்டுக்கோ உலாவி ஒன்றே போதும். ஃபெட் பாடத்தை ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையம் இல்லாத வகுப்பறையிலும் ஓடும்.

ஆனால் எல்லா அசைவும் உதவுவதில்லை. எழுத்து பறந்து வருவதும் பொத்தான் துள்ளுவதும் கண்ணை இழுக்கும். பாடத்திலிருந்து கவனத்தையும் இழுத்துவிடும். பாடத்துக்குத் தொடர்பில்லாத அலங்காரம் கற்றலைக் குறைக்கிறது என்பதை உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் சோதனைகள் காட்டியுள்ளன. தலைசுற்றல் உள்ளவர்கள் கருவியில் ‘அசைவைக் குறை’ என்று அமைத்திருந்தால், அதையும் ஜாவாஸ்கிரிப்ட்டால் அறிந்து அடங்கிக்கொள்ள முடியும்.

ஃபெட் பாடத்தின் முகவையில் பி.எச். 2.5 உள்ள குளிர்பானத்தை 100 மில்லி ஊற்றி, எண்ணை 3.5 ஆக்கச் சொல்லுங்கள். மாணவர் தண்ணீரைத் திறப்பார். மட்டம் ஏறிக்கொண்டே போகும். எண் அசைந்தும் அசையாமலும் நகரும். 3.5-ஐத் தொடும்போது முகவையில் ஒரு லிட்டர் நிற்கும். ஒரே ஒரு படி ஏற, பத்து மடங்கு கொள்ளளவு. டிரம்மில் தண்ணீரை ஊற்றாமல் பைகார்பனேட்டை ஏன் சேர்க்கிறார்கள் என்பது, பாலாற்றங்கரைப் பிள்ளைக்கு அந்த நீர்மட்டத்திலேயே தெரிந்துவிடும்.