செம்பனை ஆலை கற்பிக்கும் அழுத்தப் பாடம்

ஜொகூர் மாநிலத்துக் கூலாய் வட்டாரத்தில் ரப்பருக்குப் பின் தழைத்தோங்கிய செம்பனைத் தோட்டங்களில், குலை மரத்திலிருந்து இறங்கி ஆலையில் எண்ணெயாக வடியும் வரை நிகழும் காரியங்கள் பலவற்றிலும், பௌதிக சாஸ்திரம் அழுத்தம் என்று போதிக்கும் தத்துவமே பல ரூபங்களில் வேலை செய்கிறது.

பலம் வேறு, அழுத்தம் வேறு. ஒரு பலம் எவ்வளவு பரப்பின்மீது விழுகிறதோ, அதைக் கொண்டே அழுத்தம் நிர்ணயமாகிறது. இளமரத்துக் குலையை வெட்டும் தொழிலாளி, பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள உளியை இருபது கிலோகிராம் பாரத்துக்கு ஈடான பலத்துடன் காம்பின்மேல் செலுத்துவதாகக் கொள்வோம். உளியின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் கனமாக மழுங்கியிருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோகிராம் அழுத்தமே கிட்டும். அதையே பத்தில் ஒரு பங்காகத் தீட்டிவிட்டால், கைவலிமை சற்றும் கூடாமலே அழுத்தம் 200 ஆகிவிடும்.

திடப்பொருள் தன்னைத் தள்ளிய திசையிலேயே பலத்தைச் செலுத்த, வாயுவும் திரவமும் எல்லாத் திசைகளிலும் அழுத்துகின்றன. திறந்த பாத்திரத்தில் 100 பாகைக்குமேல் சூடேறாத நீர், ஆலையின் மூடிய இரும்புக் கலத்தில், வளிமண்டல அழுத்தத்துக்கு மேலாக ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தத்தில் அடைபட்ட ஆவியாகி, சுமார் 140 பாகை உஷ்ணத்துடன் குலையின் இடுக்குகளிலெல்லாம் புகுந்து, பழங்களைக் காம்பினின்று இளக்குவதோடு, எண்ணெயைக் கெடுக்கும் நொதியையும் அழித்துவிடுகிறது.

உதிர்ந்து மசிந்த பழத்தைத் திருகு யந்திரம் பிழியும்போது, பல ஆலைகளில் சக்கை வெளியேறும் வாயை ஒரு கூம்பு அடைத்து நிற்கும். அதைத் தாங்குவது, பிழியப்படும் எண்ணெயன்று, யந்திரத்துக்குள் தனியே அடைபட்ட எண்ணெயின் அழுத்தம். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எங்கும் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஞானி பாஸ்கல் வகுத்த நியதியை, 1795-ல் இங்கிலாந்தின் பிராமா அழுத்தும் யந்திரமாக்கினார். கூம்பைத் தாங்குவதும் அந்நியதியே. ஆனால் அழுத்தம் குறைந்தால் நாரிலே எண்ணெய் தங்கிவிடும், மிகுந்தால் கொட்டைகள் உடைந்து பருப்பு நஷ்டமாகும். ஆகையால் பலத்தைப் பெருக்குவதைக் காட்டிலும் அதை அளவறிந்து பிரயோகிப்பதே மேலான வித்தை.

தோட்டப்புறத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்பாடத்தைச் சூத்திரத்தினின்று தொடங்காமல், அவர்களுடைய பெற்றோர் அன்றாடம் கையாளும் தொழிலினின்று தொடங்கும் ஆசிரியர், விஞ்ஞானம் அந்நியமானது என்னும் அச்சத்தை முதல் நாளிலேயே அகற்றிவிடுவார்.