ஓசையின்றிச் சுழலும் வாயில்

எங்கள் கல்லூரி நூலகத்தின் வாசலில் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சுழல்வாயில் பொருத்தினார்கள். ஒரு பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று எஃகுக் குழாய்கள், தள்ளினால் ஓர் ஆள் மட்டும் நுழைய இடம்விட்டு அடுத்த குழாய் வந்து மறித்துக்கொள்ளும். 'டர்ன்ஸ்டைல்' என்று இதைச் சொல்வார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒவ்வொருவர் நுழையும்போதும் 'டங்' என்றொரு சத்தம்! கடைசி மேசையில் இருப்பவர்கூடப் புத்தகத்திலிருந்து தலைதூக்கிப் பார்ப்பார். இரண்டாண்டு கழிவதற்குள் சத்தமும் நின்றது, வாயிலும் நின்றது. குழாய்கள் இருபக்கமும் தொளதொளவென்று ஆட, காவலாளி அதைக் கயிற்றால் கட்டிவைத்தார்.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு பற்சக்கரம் இருந்தது. அதன் மூன்று பற்களில் ஒன்றின் முனை மழுங்கியிருந்தது, இன்னொன்றில் விரிசல், மூன்றாவது இல்லவே இல்லை. பெட்டியின் அடியில் கிடந்தது. மாணவர்கள் சாய்ந்து விளையாடியதால் ஒடிந்திருக்கும் என்பது அலுவலகத்தின் முடிவு. எனக்கு அதில் ஐயம் இருந்தது. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, மாணவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்பதும், இரண்டாண்டுகளாக நாங்கள் கேட்டுவந்த அந்த 'டங்' சத்தமே பல்லை ஒடித்திருக்கிறது என்பதும் தெரிந்தன. அந்தக் கணக்கை உங்களுக்கும் காட்டுகிறேன். பதினோராம் வகுப்பு இயற்பியல் போதும்.

சுழல்வாயில் புதிய கண்டுபிடிப்பு அன்று. வயல்வெளி ஒற்றையடிப் பாதைகளில் மனிதர் நுழையலாம், ஆடுமாடு நுழையக்கூடாது என்பதற்காக, ஒரு நட்டகம்பத்தின் உச்சியில் சுழலும் கூட்டல்குறிபோலக் கட்டைகளைப் பொருத்திவைக்கும் வழக்கம் ஐரோப்பாவில் வெகுகாலமாக இருந்தது. அமெரிக்காவில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 1916இல் மெம்பிஸ் நகரில் 'பிக்லி விக்லி' என்னும் கடையைத் திறந்தார். பொருள்களை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் கடை அது. அங்கே அவர் வாசலில் சுழல்வாயில் வைத்தார். பிறகு சுரங்க ரயில் நிலையம், விளையாட்டு அரங்கு, தொழிற்சாலை என்று அது பரவியது.

மூன்று கை கொண்ட இன்றைய வாயிலில் முதலில் வியக்கத்தக்கது அதன் அச்சு. அது கிடையாகவும் இல்லை, செங்குத்தாகவும் இல்லை. பெட்டியிலிருந்து வெளிநோக்கி 45 பாகை கீழே சாய்ந்திருக்கிறது. கைகள் மூன்றும் அந்த அச்சோடு 45 பாகைக் கோணம் செய்கின்றன. ஓர் உருளைக்கிழங்கில் பின்னல் ஊசி ஒன்றை அச்சாகக் குத்துங்கள். பாதி விரித்த குடையின் கம்பிகளைப்போல, சம நீளமுள்ள மூன்று பென்சில்களை அதைச் சுற்றிச் சம இடைவெளியில் செருகுங்கள். பென்சில்கள் விரியும் பக்கம் கீழே நோக்குமாறு ஊசியைச் சாய்த்துப் பிடித்து மெல்லச் சுழற்றினால், ஒரு பென்சில் சரியாகக் கிடைநிலைக்கு வரும்போது மற்ற இரண்டும் கீழே தொங்குவதைக் காண்பீர்கள். வடிவியல்படி கணக்கிட்டால், தொங்கும் கை ஒவ்வொன்றும் தன் நீளத்தில் கால் பங்குதான் வழிக்குள் நீட்டும். முக்கால் பங்கு கீழிறங்கிவிடும். அரை மீட்டர்க் கை என்றால் வழியில் துருத்துவது 12.5 செ.மீ. மட்டுமே. மறிக்கவேண்டிய கை மறிக்கிறது. மற்றவை ஒதுங்கி நிற்கின்றன.

இன்னொரு நயமும் உண்டு. மூன்று கைகளும் ஒரே எடையாக இருப்பதால் அவற்றின் ஈர்ப்பு மையம் எப்போதும் அச்சின்மேலேயே இருக்கிறது. ஒரு கை ஏறும் அளவுக்கு மற்றவை இறங்குகின்றன. ஆகவே புவியீர்ப்புக்கு எதிராக யாரும் வேலை செய்யவேண்டியதில்லை. சிறு குழந்தையும் தள்ளலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். கை ஒன்று 38 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. தடிப்பும் அரை மீட்டர் நீளமும் உள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாய் என்று கொள்வோம். அதன் நிறை ஏறக்குறைய 0.7 கி.கி. ஒரு முனையில் பொருத்திய கோலின் நிலைமத் திருப்புத்திறன் உங்களுக்குத் தெரியும்: நிறையையும் நீளத்தின் வர்க்கத்தையும் பெருக்கி 3ஆல் வகுக்கவேண்டும். இங்கே கோல் 45 பாகை சாய்ந்திருப்பதால் அதில் பாதிதான். கைகள் மூன்று. எல்லாம் சேர்த்து 0.0875, நடுக்குமிழையும் சேர்த்தால் 0.09 கி.கி.மீ.² என்க.

ஒருவர் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடந்துவந்து, குமிழிலிருந்து 30 செ.மீ. தள்ளிக் கையைத் தொடுகிறார். அந்த இடம் அச்சிலிருந்து 21 செ.மீ. தூரத்தில் உள்ளது. எனவே கோணத் திசைவேகம் நொடிக்கு ஏறத்தாழ 5 ரேடியன். இயக்க ஆற்றல் ½ × 0.09 × 25, அதாவது சுமார் 1.1 ஜூல். ஒரு கிலோ படிக்கல்லை 11 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் எவ்வளவு ஆற்றலோ அவ்வளவு. பெரிய தொகை அன்று. ஆனால் மூன்றில் ஒரு சுற்று முடிந்ததும் கை நின்றாகவேண்டும். அந்த 1.1 ஜூல் எங்கேயாவது போயாகவேண்டும். எங்கே போகிறது, எவ்வளவு தூரத்தில் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் வாயிலில் எஃகுப் பல் எஃகுத் தடையில் மோதி நின்றது. பல், அச்சிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் இருந்தது. எஃகும் எஃகும் மோதும்போது மிஞ்சிப்போனால் 0.1 மி.மீ. நசுங்கி வளையும் என்று கொள்ளலாம். வேலை என்பது விசை பெருக்கல் தூரம் அல்லவா? 1.1 ஜூலை 0.0001 மீட்டரால் வகுத்தால் சராசரி விசை 11,000 நியூட்டன். ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடை!

இப்போது ஒரு மாணவர் கையின்மேல் நன்றாகச் சாய்ந்து 300 நியூட்டன் விசையோடு அழுத்துகிறார் என்போம். நெம்புகோல் விதிப்படி பல்லுக்கு வருவது 2,100 நியூட்டன் மட்டுமே. முன்னதில் ஐந்தில் ஒரு பங்கு. சாய்ந்தவர் ஒடிக்கவில்லை, ஒழுங்காக நடந்துபோனவர்கள்தான், அறியாமலே, ஒடித்திருக்கிறார்கள்.

நாளொன்றுக்கு ஆயிரம் பேர் வந்துபோனால் 2,000 அடி. ஆண்டுக்கு 300 நாள் என்றால் 6 லட்சம் அடி. ஒரே அடியில் ஒடியாத எஃகு பல லட்சம் அடிகளில் ஒடியும். ரயில்வண்டி அச்சுகள் காரணம் தெரியாமல் முறிந்துவந்ததை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆராய்ந்த ஜெர்மன் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் இதைத் தெளிவாகக் காட்டினார். மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கும் சுமை, உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் தொடங்கி மெல்ல வளர்க்கிறது. உலோகக் களைப்பு என்று இதைச் சொல்கிறோம். ஆனால் சுமை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் எஃகு எத்தனை லட்சம் முறையும் தாங்கும் என்பதையும் அவரே கண்டார். ஆகவே நமக்கு வேண்டியது தடித்த பல் அன்று, குறைந்த விசை.

கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுப்பது ஏன் என்று எல்லாப் பாடநூலிலும் கேட்கிறார்கள். விடை இங்கேயும் அதுதான். தடையின்மேல் ரப்பர் வைத்து, அது 2 மி.மீ. அமுங்கும்படி செய்தால் விசை 550 நியூட்டனாக இறங்கும். கடைசி 30 பாகைச் சுழற்சி முழுவதும் எண்ணெய்த் தணிப்பான் ஒன்று கையைத் தடுத்து நிறுத்தினால், பல் செல்லும் தூரம் ஏறத்தாழ 16 மி.மீ.; விசை வெறும் 70 நியூட்டன். பதினோராயிரத்திலிருந்து எழுபது!

சத்தம் என்ன ஆகும்? எஃகு மோதலில் பல் நிற்க ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போல. அவ்வளவு குறுகிய தட்டு, ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை ஒருசேர எழுப்பும். அவற்றில் தனக்கு உகந்தவற்றைத் தகரப்பெட்டி பிடித்துக்கொண்டு மத்தளம்போல முழங்கும். எண்ணெய்த் தணிப்பானிலோ அதே ஆற்றல் ஐந்தில் ஒரு நொடியில் மெல்லக் கரைகிறது. அதில் எழும் அதிர்வு சில ஹெர்ட்ஸ் மட்டுமே. நம் செவி 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேளாது. ஆற்றல் மறையவில்லை, எண்ணெயை இம்மியளவு சூடாக்கிவிட்டுப் போய்விட்டது. சத்தத்தைக் குறைக்க ஒரு வழி, தேய்மானத்தைக் குறைக்க வேறொரு வழி என்று தேடவேண்டியதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பெட்டிக்குள் பஞ்சை அடைத்துச் சத்தத்தை மட்டும் அடக்குபவர், பல்லின் ஆயுளை ஒரு நாள்கூட நீட்டவில்லை.

வங்கிக் கதவின் மேல்மூலையில் ஓர் உருளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கதவு படாரென்று அடிக்காமல் மெதுவாக மூட அதுவே காரணம். எண்ணெய் சிறு துளை வழியே பிதுங்கிச் செல்லும்போது எழும் பாகுநிலைத் தடைதான் அங்கே வேலை செய்கிறது. சுழல்வாயிலில் சிறிய தகடுகள் சிலிகோன் எண்ணெயில் சுழலுமாறு அமைப்பதும் உண்டு. சாதாரண எண்ணெய் குளிரில் இறுகி வெயிலில் நீர்த்துவிடும்; சிலிகோன் எண்ணெயில் அந்த மாற்றம் குறைவு.

கையைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர மூன்று குழிகள் உள்ள ஒரு வட்டும், சுருள்வில்லால் அழுத்தப்பட்டு அதன் விளிம்பில் உருளும் ஓர் உருளையும் உண்டு. பாதித் தூரம்வரை நாம் வில்லை இறுக்குகிறோம்; பிறகு வில் நம் கையை முந்திக்கொண்டு அடுத்த குழிக்கு இழுக்கிறது. தணிப்பு குறைவாயிருந்தால் கை குழியைத் தாண்டி முன்னும் பின்னும் ஊசலாடும். மிகுதியாயிருந்தால் சோம்பலாக வந்துசேரும். ஊசலாடாமல் மிக விரைவாக வந்துசேரும் அளவு ஒன்று இடையில் இருக்கிறது. அதுவே மாறுநிலைத் தணிப்பு.

சோம்பலாக வருவதும் சிறு குறை அன்று. பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி, ஒரு சுழல்வாயிலுக்கு மணிக்கு 660 பேர் என்பதை மேல்வரம்பாகக் கொள்கிறது. அதாவது ஒருவருக்கு ஐந்தரை நொடி. கை திரும்ப இரண்டு நொடி கூடினால் 480 பேராகக் குறைந்துவிடும். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில், நின்று பார்க்கச் சீட்டு வாங்கிய ஏறத்தாழ 10,100 பேருக்கு ஏழே சுழல்வாயில்கள் இருந்தன. ஏழை 660ஆல் பெருக்கிப் பாருங்கள்: மணிக்கு 4,620. இரண்டு மணி நேரத்திலும் முடியாத வேலை. வெளியே நெரிசல் முற்றவே, வெளியேறும் பெருங்கதவு ஒன்றைப் போலீசார் திறக்கச் செய்தனர். உள்ளே பாய்ந்த கூட்டம் முன்பே நிரம்பியிருந்த கம்பியடைப்புகளுக்குள் சிக்கியது. பின்னாளில் இறந்தவரையும் சேர்த்து 97 பேர் மாண்டனர். போலீசாரின் தவறுகளையும் அரங்கின் அமைப்பில் இருந்த குறைகளையும் 2016இல் முடிந்த விசாரணை எடுத்துக்காட்டியது. ஆகவே தணிப்பான் முழுச் சுற்றிலும் அல்லாமல் இறுதிப் பகுதியில் மட்டும் பிடிக்கவேண்டும். நடப்பவருக்குத் தடை தெரியக்கூடாது.

ஓடிவருபவரையும் நினைவில் வையுங்கள். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு; பாகுநிலைத் தடையோ இருமடங்குதான் கூடும். தணிப்பான் அவரை முழுதும் நிறுத்திவிடாது. அதற்காகக் கடைசியில் ரப்பர்த் தடையும் இருக்கவேண்டும்.

மற்றச் சிறு ஓசைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்னோக்கிச் சுழலாமல் காக்கும் தடைநாக்கு, சைக்கிளின் பின்சக்கரத்தைப்போல 'கிரிக் கிரிக்' என்னும். பற்களுக்குப் பதில் சரிவுகளில் இறுகும் உருளைகளை வைத்தால் அந்தச் சத்தம் இல்லை. தூசு புகுந்தால் எண்ணெயும் தூசும் சேர்ந்து அரைக்கும் சாந்தாகிவிடும். எனவே மூடிய குண்டுத் தாங்கிகளே நல்லவை.

தீப்பிடித்தால் மின்சாரம் நின்றுபோகலாம். அப்போது மறிக்கும் கை தானே விழவேண்டும். மின்காந்தம் கையைத் தாங்கிப் பிடித்திருக்கும்படி அமைத்தால், மின்சாரம் நின்றதும் பிடி விட்டுக் கை தொங்கிவிடும். கையை விழச்செய்ய மின்சாரம் தேவைப்படும் அமைப்பை ஏற்கவே கூடாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு எந்தச் சுழல்வாயிலும் வாயில் அன்று. பக்கத்தில் அகலமான கதவு ஒன்று கட்டாயம் வேண்டும். எங்கள் நூலகத்தில் அது முதலில் இல்லை.

பிறகு நாங்கள் பற்சக்கரத்தை மாற்றினோம். 3 செ.மீ. ஆரத்துக்குப் பதில் 6 செ.மீ.; அதனாலேயே சாய்பவரால் வரும் விசை பாதியாயிற்று. ரப்பர்த் தடையும் எண்ணெய்த் தணிப்பானும் பொருத்தி, பெட்டிக்குள் ஒரு பக்கக் கதவின் சாவியையும் மாட்டிவைத்தோம். காவலாளிக்கு மட்டும் ஒரு குறை. "சத்தத்தை வைத்துத்தான் சார் எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணிக்கிட்டிருந்தேன்" என்றார். எண்காட்டி ஒன்று வாங்கித்தரவேண்டியதாயிற்று.