ஆஸ்பத்திரிக்குள்ளே ஒரு பார்!

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெதஸ்டா என்ற ஊர். அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆராய்ச்சி மருத்துவமனைக்குள் ஓர் அறைக் கதவைத் திறந்தால்... பார்! மங்கல் வெளிச்சம், பீர் குழாய்கள், அலமாரி கொள்ளாத பாட்டில்கள். அந்தப் பாட்டில்களுக்குள் இருப்பது என்ன தெரியுமா? வண்ணத் தண்ணீர்! அசல் சரக்கு மருத்துவமனையின் மருந்தகத்தில் பூட்டிக் கிடக்கிறது. வாசனை காட்டி ஆசையைக் கிளப்ப வேண்டும் என்றால் வெளியே வரும். புது மருந்து அந்த ஆசையை அடக்குகிறதா என்று பார்க்கத்தான் இத்தனை ஜோடனையும்.

இந்த வித்தையின் முன்னோடிகளில் ஒருவர் ஆலன் மார்லட். பின்னாளில் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஒரு பார் கட்டி, ‘பார்லேப்’ என்று பெயரும் வைத்த உளவியலாளர்! ஆனால் எனக்குப் பிடித்தது 1973இல் அவரும் இரு சகாக்களும் வெளியிட்ட ஆய்வு.

‘ஒரு சொட்டு உள்ளே போனால் போதும், குடிநோயாளியால் நிறுத்தவே முடியாது’ என்று அன்று பலரும் உறுதியாக நம்பினார்கள். சரி, சொட்டு உள்ளே போனதே அவருக்குத் தெரியாவிட்டால்? அடடா, என்ன கேள்வி!

ஒரு பங்கு வோட்கா, ஐந்து பங்கு டானிக் வாட்டர் என்ற கசப்புச் சோடா. இந்தக் கணக்கில் கலந்தால் வோட்கா இருப்பதை நாக்கு கண்டுபிடிக்காது. வந்தவர்கள் 64 பேர்: பாதிப்பேர் குடிநோயாளிகள், மீதிப்பேர் அளவாகக் குடிப்பவர்கள். சிலருக்கு வோட்கா என்று சொல்லி வெறும் சோடா. சிலருக்கு வெறும் சோடா என்று சொல்லி வோட்கா! மற்றவர்களுக்குச் சொன்னதே கிடைத்தது. “சுவைத்துப் பார்த்து மதிப்பெண் போடுங்கள்” என்றார்கள். மதிப்பெண் யாருக்கு வேண்டும்? எவ்வளவு குடித்தார்கள் என்பதைத்தான் ரகசியமாக அளந்தார்கள்!

விடை சிலிர்க்க வைக்கிறது. வோட்கா என்று நம்பிய குடிநோயாளிகள், சோடா என்று நம்பியவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு குடித்தார்கள். கோப்பையில் நிஜமாக என்ன இருந்தது என்பதால் பெரிய வித்தியாசமே இல்லை!

அதற்காகக் குடிநோயாளி ஒரு வாய் குடிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உடம்பு பழகியபின் மது செய்யும் கேடு நிஜம். மார்லட் பிடித்துக்கொண்டது வேறு இழை. நிறுத்தியவர் ஒருநாள் தவறிவிட்டால், ‘எல்லாம் போச்சு’ என்ற நினைப்பே அவரை முழுக் குடிக்குத் தள்ளுகிறது. 1985இல் ஜூடித் கார்டனோடு சேர்ந்து அவர் தொகுத்த நூல், மீண்டும் விழாமல் காக்கும் சிகிச்சைக்கே அடித்தளமானது. மனச்சோர்வு, வீட்டுச் சண்டை, ‘ஒண்ணே ஒண்ணு’ என்று கையைப் பிடித்து இழுக்கும் கூட்டாளிகள்: தடுமாறும் இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, அங்கே என்ன சொல்வது, எப்படி எழுந்து வருவது என்று ஆலோசகரோடு ஒத்திகை பார்க்கிறார்கள். ஒருநாள் தவறினாலும் மறுநாள் திரும்பி வருவதற்கும் ஒத்திகை உண்டு!