அருவியும் முப்பது நாளும்

மலைநாட்டின் எழிலைக் கூறப் புகுந்தோர் அருவியைக் கூறாது அமைவதில்லை. அட்டனிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்வோர், தலவாக்கலையை அணுகுமுன் கண்டு களிக்கும் சென்கிளேயர் அருவி அத்தகையது.

அண்மையில் மாணவர் சிலரோடு அங்கு நின்றேன். தோட்டத்து மாணவன் ஒருவன், "ஐயா, இந்த அருவிக்கு இப்போது பகலில்தான் தண்ணீர் விடுகிறார்களாமே, ஏன்?" என்றான். வினா சிறிது, விடை நெடிது.

கொத்மலை ஓயாவைத் தலவாக்கலையில் அணையிட்டு மறித்து, அந்நீரைச் சுரங்கவழியே செலுத்தி மின்னாக்கும் மேல் கொத்மலைத் திட்டம் 2012ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் 150 மெகாவாட். நாட்டுக்கு வேண்டிய நன்மையே அது. ஆயினும் எளிதில் எழுந்ததன்று. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமாயிற்று. அம்முறைப்படி ஆராயப்பட்ட இத்திட்டம் முதலில் மறுக்கப்பட்டது. மேன்முறையீட்டின்பின் 1998இல் நிபந்தனைகளோடு அனுமதி பெற்றது. பகற்பொழுதில் அருவிக்கு நீர் விடுதல் அந்நிபந்தனைகளால் வந்ததே.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். மதிப்பீட்டறிக்கையும் ஒரு நிலத்தின் முதலையும் கருவையும் கணக்கெடுப்பதேயன்றோ? அக்கணக்கில் கொழுந்து பறிப்போரின் தொழிலும் வாழ்வும் விடுபடின் திருத்துவோர் யார்? அந்நிலத்தில் வாழ்வோரே. அதற்கும் அச்சட்டம் வழி வகுத்தது. அறிக்கை பார்வைக்கு வைக்கப்பட்ட செய்தியை வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பத்திரிகைகளிலும் வெளியிடல் வேண்டும். 30 நாளுக்குள் எவரும் தம் கருத்தை எழுதி அனுப்பலாம்.

இவற்றைக் கூறி, "உங்கள் இல்லத்தில் எவரேனும் இத்தகைய அறிவித்தலைப் படித்ததுண்டா?" என வினவினேன். ஒரு கையும் உயரவில்லை. தலை கவிழ்ந்தவன் நானே. செய்யுளுக்குப் பதவுரையும் பொழிப்புரையும் எழுதப் பல்லாண்டு பயிற்றிய நான், தம் ஊரைப் பற்றிய அறிவித்தலுக்குப் பொருள் காண ஒருநாளும் பயிற்றினேனல்லேன். சட்டம் தமிழில் அறிவிக்கச் சொல்கிறது. அத்தமிழைப் படிக்கச் சொல்லவேண்டியவர் ஆசிரியரல்லரோ?

மறுநாள் வகுப்பில் பழைய அறிவித்தல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, சொற்சொல்லாகப் பொருள் கூறினேன். மணி அடித்தது. வினாவெழுப்பிய மாணவன் மட்டும் எழுந்திலன்.

"என்ன தம்பி?" என்றேன்.

"முழுவதும் எழுதிக்கொள்கிறேன், ஐயா. லயத்தில் அம்மாவுக்குப் படித்துக் காட்டவேண்டும்" என்றான்.