காட்டுயிர் ஆய்வில் பிழைதிருத்தம்

'எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான். படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்பது தமிழ் வழக்கு. இதனை நன்கறிந்த பதிப்பாசிரியர்கள், பல படிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காட்டினர். பிழைதிருத்தப் பட்டியலையும் நூலோடு இணைத்தனர். ஒரு பாடலை வேறொருவர் பெயரில் ஏற்றிவிட்டால், அப்புலவரின் காலமும் ஊரும் திரிந்துவிடும். இவ்வுண்மை இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று; காட்டுயிர் ஆய்வுக்கும் பொருந்தும். அதனை இரு நிகழ்ச்சிகள் வாயிலாக ஈண்டுக் காண்போம்.

பெயர் மாறிய பறவை

மத்திய இந்தியக் காடுகளில் வாழும் சிற்றாந்தை ஒன்றை 1872ஆம் ஆண்டில் பிளெவிட் என்பார் முதன்முதலில் சேகரித்தார். மறு ஆண்டில் அதனைப் புதிய இனமென அறிவித்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பின்னாளில் இந்திய தேசிய காங்கிரசைத் தோற்றுவித்தவருள் ஒருவர். 1880களில் கான்தேசத்தில் ஆட்சிப்பணி புரிந்த ஜேம்ஸ் டேவிட்சன் மேலும் சில பறவைகளைச் சேகரித்தார்.

1884க்குப் பின் ஒரேயொரு பதிவுதான் உண்டு. 1914 அக்டோபரில், குசராத்தில் தப்தி ஆற்றையொட்டிய மாண்டவியில் அப்பறவையைத் தாம் சேகரித்ததாக, ஆங்கிலேயப் படை அலுவலர் ரிச்சர்டு மைனர்ட்சாகன் சீட்டெழுதி வைத்திருந்தார். அச்சீட்டை நம்பி அங்கே தேடியோர் வெறுங்கையுடன் திரும்பினர். அவ்வினமே அழிந்தொழிந்ததெனப் பலரும் கருதலாயினர்.

பறவையியல் அறிஞர்களான பமேலா ராஸ்முசென், நைஜல் காலர் ஆகியோர், பாடம் செய்யப்பெற்ற அப்பறவையை மூலச்சுவடிபோல் ஆராய்ந்தனர். எக்ஸ் கதிர்ப் படமும், உள்ளிருந்த பஞ்சிழைகளும், தையலும் உண்மையை உரைத்தன. அது டேவிட்சன் சேகரித்தது! அருங்காட்சியகத்திலிருந்து அதனைக் கவர்ந்து, பிரித்து மீண்டும் தைத்து, தம் பெயரையும் பொய்யான ஊரையும் நாளையும் மைனர்ட்சாகன் எழுதியிருந்தார்.

பொய்ப் பதிவு விலக்கப்பெற்றது. எஞ்சிய மெய்யான இடக்குறிப்புகளைத் துணைக்கொண்டு, 1997 நவம்பரில் ராஸ்முசென், பென் கிங், டேவிட் அபட் ஆகிய மூவரும் தேடினர். மகாராட்டிரத்தின் சகாதா அருகே, பகல் வெளிச்சத்தில் அவ்வாந்தை மரத்தில் அமர்ந்திருந்தது. 113 ஆண்டுகளுக்குப் பின் ஓர் இனம் மீண்டும் அறியப்பெற்றது. மோசடி பற்றிய ஆய்வுரை 1999இல் அச்சேறியது.

எண்ணில் நேர்ந்த பிழை

இராசத்தானத்துச் சரிஸ்கா காப்பகத்தில் 16 புலிகள் உள்ளன என்றது 2004ஆம் ஆண்டுக் கணக்கு. 2005இல் நேரில் ஆராய்ந்தபோது ஒரு புலியும் இல்லை, கள்ளவேட்டையர் கொன்றுவிட்டனர். புலிகள் ஏட்டில் உலவியமையால் காட்டில் அவை மறைந்ததை எவரும் உரிய காலத்தில் உணரவில்லை.

அந்நாளில் காலடித் தடம் கொண்டே புலிகளை எண்ணினர். ஒரே புலியின் தடம் மண்ணுக்கேற்ப மாறும்; இரு புலிகளின் தடங்கள் ஒன்றுபோல் தோன்றுதலும் உண்டு. உடற்கோடுகளோ புலிக்குப் புலி வேறுபடுவன. ஆதலின் தானியங்கிப் படக்கருவியும் புள்ளியியலும் கைக்கொள்ளப்பட்டன. 2001-02இல் 3,642 எனப்பட்ட நாட்டின் புலித்தொகை, 2006ஆம் ஆண்டு மதிப்பீட்டில் 1,411 ஆயிற்று. இவ்விரண்டையும் கழித்து, இத்தனை புலிகள் இறந்தன என்பதும் பிழையே. ஏனெனில் அளந்த கோல் வேறு. ஆயினும் சிறிய மெய்யெண், பெரிய பொய்யெண்ணினும் புலிக்குப் பயன் தந்தது. 2008 முதல் சரிஸ்காவில் புலிகள் மீண்டும் குடியேற்றப்பட்டன.

நாம் கொள்ளத்தக்கவை

திண்டிவனத்திற்கு அணித்தே மரக்காணம், வானூர்ப் பகுதிகளில் பரந்துள்ள கழுவேலி, 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பெற்றது. விழுப்புரம் மாவட்ட மாணவர்கள் அங்குப் பறவைகளை எண்ணச் செல்லுங்கால், எவர், எங்கு, எந்நாள், எம்முறையில் எண்ணினார் என்பவற்றைத் தவறாது குறித்தல் வேண்டும். சேற்றில் நின்று எண்ணியவரின் பெயரை நீக்கி, அறிக்கை எழுதியவரின் பெயரை மட்டும் இடுதல் அறமன்று. ஐயம் நேரின் கேட்டுத் தெளிவதற்கும் அப்பெயரே வழியாகும்.

அச்சான பின் பிழை தெரியவரின், முன்னர் இருந்தது யாது, திருத்தம் யாது, காரணம் யாது என வெளிப்படையாக எழுதுக. பழையதைச் சுவடின்றி அழித்தல் திருத்தமாகாது. அது மற்றொரு மறைப்பேயாகும். டேவிட்சனுக்கு உரிய பெயர் மீண்டது. பறவைக்கு உரிய காடும் மீண்டது. பிழைதிருத்தம் நூலாசிரியர்க்கு இழுக்கன்று. அடுத்துவரும் ஆய்வாளர்க்கு அவர் செலுத்தும் கடன்.