நம்பிக்கையும் அறிவியலும் – 9: பட்டியலின் அடியில் இரண்டு நாடுகள்

சென்ற வாரம் பார்த்த டேட்டன் வழக்கில், பரிணாமம் கற்பித்த குற்றத்துக்காக ஆசிரியர் ஸ்கோப்ஸுக்கு 1925-இல் விதிக்கப்பட்ட அபராதம் 100 டாலர். அந்த வழக்கு முடிந்து எண்பது ஆண்டுகள் ஆன பிறகும் அமெரிக்காவில் வாதம் ஓயவில்லை. 2006 ஆகஸ்டில் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்த ஒரு பட்டியல் அதை உலகுக்குக் காட்டியது. முந்தைய விலங்கினங்களிலிருந்தே மனிதர் தோன்றினர் என்ற கூற்று சரியா, தவறா என்று 34 நாடுகளில் கேட்டிருந்தார்கள். ஐஸ்லாந்து, டென்மார்க், சுவீடன், பிரான்ஸ் ஆகிய நாடுகளில் 80 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்டோர் 'சரி' என்றனர். ஜப்பானில் 78. அமெரிக்காவிலோ 40 மட்டுமே. அதற்கும் கீழே இருந்தது ஒரே ஒரு நாடு: துருக்கி.

கடவுள் நம்பிக்கை மிகுந்தால் பரிணாமம் தேயும் என்று இந்தப் பட்டியலை வைத்து முடிவுகட்டிவிடத் தோன்றும். அது அவசர முடிவு. டென்மார்க்கில் லூத்தரன் திருச்சபைக்கு அரசியல் சாசனத்திலேயே இடம் உண்டு. மனித உடலின் தோற்றத்தைப் பற்றி ஆராயத் தடையில்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1950-லேயே சொல்லிவிட்டார். 1996-இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல, அதற்கும் மேலானது என்றார். மதகுருமார்கள் ஆளும் ஈரானிலும் பள்ளி உயிரியல் நூலில் பரிணாமம் இருக்கிறது. ஆகவே பார்க்க வேண்டிய இடம் வழிபாட்டுத் தலம் அல்ல. பாடநூல் யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

துருக்கியின் கதை அதைத் துலக்கமாகக் காட்டுகிறது. குடியரசை நிறுவிய அத்தாதுர்க் காலத்தில், 1930-களின் வரலாற்றுப் பாடநூல்களே உயிர்ப் பரிணாமத்தில் தொடங்கின. அங்கிருந்து அந்த நாடு பட்டியலின் அடிக்கு வந்தது தற்செயல் அல்ல.

1980 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இடதுசாரிகளை ஒடுக்க, துருக்கிய தேசியத்தையும் இஸ்லாமையும் இணைத்த ஒரு கருத்தியலைத் தளபதிகள் ஊக்குவித்தனர். அடுத்து வந்த துர்குத் ஓசால் அரசின் கல்வி அமைச்சர் வெஹ்பி தின்சர்லெர் பரிணாமத்தை எதிர்க்க உதவி தேடிய இடம் மெக்காவோ கெய்ரோவோ அல்ல, கலிபோர்னியா! உயிரினங்களைக் கடவுளே நேரடியாகப் படைத்தார் என்று வாதிட அங்கே கிறிஸ்தவ அடிப்படைவாதிகள் நடத்திவந்த படைப்புவாத ஆய்வு நிறுவனத்தின் எழுத்துகள் துருக்கிய மொழிக்கு வந்தன. 1985-இல் பள்ளி நூல்களில் பரிணாமத்தின் பக்கத்திலேயே படைப்புவாதமும் உட்கார்ந்தது. பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்பது அமெரிக்கப் படைப்புவாதிகளின் பிடிவாதம். இஸ்லாமிய மரபில் அப்படியொரு கணக்கு இல்லாததால் துருக்கியர் அதை மட்டும் கழற்றிவிட்டனர். மற்ற வாதங்கள் பெரும்பாலும் அப்படியே இடம்பெயர்ந்தன. பட்டியலின் கடைசி இரண்டு நாடுகளுக்கும் இடையே இப்படியொரு நேரடிக் கொடுக்கல் வாங்கல் இருந்தது.

பிறகு ஏற்றுமதியும் தொடங்கியது. ஹாருன் யஹ்யா என்ற புனைபெயரில் இயங்கிய அத்னான் ஒக்தார், 'படைப்பின் வரைபடம்' என்ற பளபளப்பான பெரும் நூலை 2006-இல் வெளியிட்டு, ஐரோப்பியப் பள்ளிகளுக்கும் அமெரிக்க விஞ்ஞானிகளுக்கும் இலவசமாக அனுப்பினார். உயிரினங்கள் மாறவே இல்லை என்று நிறுவ அதில் நூற்றுக்கணக்கான படங்கள். அவற்றுள் ஒரு 'பூச்சி', மீன் பிடிக்கச் செய்த போலி இரை. அதன் தூண்டில் முள்கூடப் படத்தில் தெரிந்தது. பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் அதைச் சுட்டிக்காட்டினார். 2007-இல் ஐரோப்பிய மன்றத்தின் நாடாளுமன்ற அவை, கல்வியில் படைப்புவாதத்தின் ஆபத்து குறித்துத் தீர்மானமே நிறைவேற்றியது.

2009 டார்வின் பிறந்த இருநூறாம் ஆண்டு. துருக்கி அரசின் அறிவியல் நிறுவனமான தூபிதாக் வெளியிடும் மாத இதழ், டார்வினை அட்டையில் போடத் தயாரானது. கடைசி நேரத்தில் அட்டையும் உள்ளே இருந்த கட்டுரையும் நீக்கப்பட்டன. 2017-இல் பள்ளி உயிரியலிலிருந்து பரிணாமப் பாடத்தையே எடுத்துவிடப் போவதாக அறிவிப்பு வந்தது. பரிணாமம் பொய் என்று அதிகாரிகள் சொல்லவில்லை. மாணவர்களின் வயதுக்கு அது எட்டாது, பல்கலைக்கழகத்தில் படித்துக்கொள்ளட்டும் என்றனர். மறுப்பதைவிட இந்தத் தள்ளிப்போடுதல் கொடியது. மறுப்பவரோடு வாதாடலாம்; 'அப்புறம் பார்க்கலாம்' என்பவரோடு எப்படி வாதாடுவது?

அமெரிக்கா இதற்கிடையில் மெல்ல மேலேறியது. 2005 டிசம்பரில் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில், ஜார்ஜ் புஷ் நியமித்த நீதிபதி ஜான் ஜோன்ஸே, உயிரினங்களை ஓர் அறிவாற்றல் திட்டமிட்டு உருவாக்கியது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' வாதம் மதம்தான், அறிவியல் அல்ல என்று தீர்ப்பளித்தார். 2019-இல் பரிணாமத்தை ஏற்போர் 54 விழுக்காடு. கல்லூரிக்குப் போவோரும் அங்கே அறிவியல் பாடம் படிப்போரும் பெருகியதை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கொரோனாவுக்குப் பின் பாடச்சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. 10-ஆம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமத்தை நீக்கியது. 2023-இல் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கண்டித்துக் கையெழுத்திட்டனர். 12-ஆம் வகுப்பு உயிரியலில் இருக்கிறதே என்பது பதிலாக வந்தது. ஆனால் உயிரியலை எடுக்கிறவர்கள்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள். அறிவியல் எல்லோருக்கும் கட்டாயமாக இருப்பது 10-ஆம் வகுப்பு வரைதான். அதன்பின் வணிகவியலுக்கும் வரலாற்றுக்கும் போகும் லட்சக்கணக்கான பிள்ளைகள், மருந்துக்குப் பணியாத கிருமி எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படையே இல்லாமல் பள்ளியை விட்டு வெளியே வருவார்கள். ஆனால் தமிழ்நாடு பாடநூலின் 10-ஆம் வகுப்பு அறிவியலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாக, லாமார்க், டார்வின் இருவரோடும் இடம்பெற்றிருக்கிறது.

(தொடரும்)